கேமராவுக்கு வைத்த பொட்டு

அபிநயாவின் அம்மா அரியலூரில் மைக் பிடித்துப் பேசப்போகிறார் என்ற செய்தி பொன்னங்குடிக்காடு முழுவதும் பரவியிருந்தது. பரப்பியது வேறு யாரும் இல்லை, அபிநயாவேதான். பால் ஊற்ற வந்தவர்கள், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், வண்டியில் மணியடித்துக்கொண்டு வந்த ஐஸ்காரர் என்று ஒருவரையும் அவள் விட்டுவைக்கவில்லை.

ஐஸ்காரர் ஜெயங்கொண்டத்துக்காரர். அபிநயாவின் அம்மா யார் என்றே அவருக்குத் தெரியாது. அதனால் அவருக்கு மட்டும் முதலிலிருந்து விளக்கமாகச் சொன்னாள். பாவம், அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

சொல்வதற்கு விஷயம் இருக்கத்தான் செய்தது. ஊர் மாடுகளின் பாலையெல்லாம் காலையில் வாங்கி, கூலர் என்கிற பெரிய தொட்டியில் ஊற்றிக் குளிர வைப்பார்கள். சாயங்காலம் டேங்கர் லாரி வந்து எடுத்துப்போகும். அந்தப் பால் நிலையம் ஊருக்கு வெளியே முந்திரித் தோப்புக்கு நடுவில் இருந்தது. மின்கம்பம் அவ்வளவு தூரம் வரவில்லை. அதனால் கூரை முழுக்க சோலார் தகடுகள், உள்ளே வரிசையாகப் பேட்டரிகள். வெயில் ஏமாற்றிவிட்டால் கைகொடுக்க, பின்பக்கத்துக் கொட்டகையில் ஒரு டீசல் ஜெனரேட்டர்.

இத்தனையையும் கட்டி மேய்ப்பவர் அபிநயாவின் அம்மா ஜெயசுதா. எங்கே இருந்தாலும் அவர் தன் செல்போனில் ஒரு பட்டனைத் தொட்டால் போதும், இங்கே கொட்டகையில் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கும்.

"மந்திரம் மாதிரியா?" என்று ஐஸ்காரர் கேட்டார்.

"மந்திரம் இல்ல. எங்கம்மா" என்றாள் அபிநயா.

ஜெனரேட்டர் தானாகவே ஓடும்படியும் வைத்திருக்கலாம். பொருத்த வந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அம்மாதான் வேண்டாம் என்றுவிட்டார். ஆடும் நாயும் பிள்ளைகளும் சுற்றுகிற இடத்தில் மிஷின் தன் இஷ்டத்துக்கு ஓடக்கூடாது என்பது அவருடைய கட்சி. கொட்டகைக்குள் ஒரு மூலையில், உயரத்தில், சின்னதாக ஒரு கேமரா உண்டு. அதன் வழியாக அம்மா முதலில் போனில் பார்ப்பார். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பட்டனைத் தொடுவார். சாவி போட்டு நேரிலும் ஓட்டலாம். ஆனால் அந்தச் சாவி அம்மாவின் கைப்பையை விட்டு எங்கும் போகாது.

ஆயுத பூஜை வந்தது. நிலையத்தை எல்லோரும் கழுவித் துடைத்தார்கள். வாழைக்கன்று கட்டினார்கள். பால் கேன்கள், தராசு, பேட்டரிகள், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலையை அபிநயா கேட்டு வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு உதவியாக வேலை பார்க்கும் பஞ்சநாதன் மாமா பொரியை அள்ளி அள்ளி வைத்தார். பாதி இலையில் விழுந்தது, பாதி தரையில் சிந்தியது. பூஜை போட்ட மிஷினுக்கு அன்று ஓய்வு. பல வாரமாக வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்ததால் ஜெனரேட்டருக்கு அதற்கு முன்பும் ஓய்வுதான்.

பூஜை முடிந்து இரண்டாம் நாள்தான் அரியலூர்க் கூட்டம். பல ஊர்களில் பால் நிலையம் நடத்தும் பெண்கள் வருகிறார்கள். பொன்னங்குடிக்காட்டு ஜெயசுதா எப்படி நடத்துகிறார் என்று கேட்க அவர்களுக்கு ஆசை. அம்மா அரக்குச் சேலை கட்டிக்கொண்டு காலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். காலாண்டு விடுமுறை என்பதால் அபிநயா வீட்டில் இருந்தாள்.

"மாமாவுக்கு ஒத்தாசையா இரு. நான் போயிட்டு வரேன்" என்றார் அம்மா. பஸ் ஏறும்போதுகூட அவர் பேச்சு எழுதிய தாளை எடுத்து எடுத்துப் பார்த்ததை அபிநயா கவனித்தாள். மைக்கை நினைத்துப் பயந்திருப்பார். ஜெனரேட்டரைக் கண்டு பயப்படாத அம்மா மைக்குக்குப் பயப்படுவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

அம்மாவின் பஸ் போனதும் வானம் தன் வேலையைக் காட்டியது. கிழக்கிலிருந்து மேகம் திரண்டு வந்து தோப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. பிறகு தூறல். நேற்றும் அரைகுறை வெயில்தான். பேட்டரிகள் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தன. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூலரின் 'ம்ம்ம்' என்ற சத்தம் நின்றது.

அபிநயா ஓடிப்போய், பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று தொட்டியின் பக்கத்தில் காட்டும் எண்ணைப் பார்த்தாள். எப்போதும் நான்கு காட்டும். இப்போது ஐந்து. அது எட்டைத் தாண்டினால் டேங்கர்காரர் பாலை எடுக்க மாட்டார். ஊர்க்காரர்கள் இருட்டோடு எழுந்து கறந்த பால் முழுவதும் அந்தத் தொட்டியில் இருந்தது. அரியலூரில் அம்மா நிலையத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது இங்கே பால் கெட்டுப்போவதா?

தோப்பில் போன் பேச ஒரே ஓர் இடம்தான் உண்டு. தண்ணீர்த் தொட்டி ஓரத்து முந்திரி மரத்தடி. அங்கேயும் சிக்னல் மனம் வைத்தால்தான். பஞ்சநாதன் மாமா தன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்தினார். விஷயத்தைக் கேட்டதும் அம்மா பதறவில்லை. அவருடைய போனுக்கும் எச்சரிக்கை வந்திருந்ததாம். கேமராவைப் பார்த்துவிட்டு இப்போதே ஓட்டுவதாகச் சொன்னார்.

அம்மாவுக்குப் பின்னால் நிறையப் பேர் பேசுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"பஞ்சநாதா, ஷெட்டு தீப்பிடிச்சிருக்கா? கேமராவுல ஒரே மஞ்சளா இருக்கு. நடுவுல செக்கச்செவேல்னு என்னமோ தெரியுது" என்றார் அம்மா.

மாமா போனை அபிநயாவிடம் திணித்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். தீயும் இல்லை, புகையும் இல்லை என்று அங்கிருந்தே கையை ஆட்டினார்.

மஞ்சள். நடுவில் சிவப்பு. அபிநயாவுக்குச் சுருக்கென்றது. பூஜை அன்று மாமாவின் தோளில் ஏறி உட்கார்ந்து கடைசியாகப் பொட்டு வைத்தது எதற்கு என்று ஞாபகம் வந்துவிட்டது. எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கேமராவை மட்டும் விட்டால் அது வருத்தப்படும் என்று, நன்றாக வட்டமாக, நடுக்கண்ணாடியில் வைத்திருந்தாள்.

"அம்மா, அது தீ இல்லம்மா. பொட்டு."

"என்ன பொட்டு?"

"சந்தனம், குங்குமம். நாந்தான் வச்சேன். கேமராவுக்கு."

திட்டுவார் என்று அபிநயா கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குள் மாமா திரும்பி ஓடிவந்து போனைப் பார்த்துக் கத்தினார். "அக்கா, நான் வாசல்லேர்ந்து நல்லாப் பாத்துட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல. நீங்க அமுக்குங்க."

அம்மா ஏதோ பதில் சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. போனைத் தூக்கினார்கள், திருப்பினார்கள், மரத்தைச் சுற்றி வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அபிநயா போய் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆறு.

"கேமராவைத் தொடச்சாத்தான் வேலை ஆகும். வா" என்று மாமா விறுவிறுவென்று கொட்டகைக்கு நடந்தார். கதவின் கொண்டியை நீக்கினார். ஒரு கால் உள்ளே போய்விட்டது. அபிநயா ஓடிப்போய் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, போகாதீங்க."

"ஏன்?"

"அம்மா அமுக்கினா ஓடிடும்."

மாமா சிரித்தார். சாவிதான் அக்காவின் பையோடு அரியலூருக்குப் போய்விட்டதே, சாவி இல்லாத மிஷின் எப்படி ஓடும் என்று கேட்டார். டிராக்டரோடு பழகியவர் அவர். சாவி இல்லாவிட்டால் எல்லா வண்டியும் சாதுதான் என்பது அவருடைய கணக்கு.

"சாவியும் அரியலூர்லதான் இருக்கு, அம்மா விரலும் அரியலூர்லதான் இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல, அமுக்குங்கன்னு நீங்க சொன்னீங்க. அதுக்கு அம்மா என்ன சொல்ல வந்தாங்கன்னு நமக்குத் தெரியாது" என்றாள் அபிநயா.

மாமாவின் சிரிப்பு நின்றது. உள்ளே வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்தார்.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் காளான் மாதிரி ஒரு பெரிய சிவப்புப் பட்டன் இருந்தது. அதை அமுக்கிவிட்டால் சாவியாலும் ஓட்ட முடியாது, போனாலும் ஓட்ட முடியாது. கொட்டகைக்குள் பெருக்கப் போனால்கூட அம்மா அதை அமுக்காமல் போக மாட்டார். அபிநயா அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். உள்ளங்கையை வைத்து ஓங்கி அமுக்கினாள். 'டக்' என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கூடவே சிவப்பு விளக்கு எரிந்தது.

பால் என்ன ஆயிற்று என்று விசாரிக்க வந்த வீரம்மாள் அத்தை சரியாக அதைத்தான் பார்த்தார். இந்த நிலையத்துக்கு அதிகப் பால் ஊற்றுகிறவர் அவர். அதைவிட அதிகம் பேசுகிறவரும் அவர்தான்.

"ஓட வேண்டிய மிஷினைப் போயி நிறுத்திப்புட்டியேடி. ஏற்கெனவே பூஜையன்னிக்கு எஞ் செவலைக் கோழி காணாமப் போயி நொந்து கெடக்கேன். இப்பப் பாலும் போச்சா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கோழி விஷயம் ஊருக்கே தெரியும். கீரி பிடித்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். வீரம்மாள் அத்தைக்கு மட்டும் பக்கத்து வீட்டு வைரக்கண்ணு மேல் சந்தேகம். இரண்டு நாளாக அவரிடம் பேச்சை நிறுத்தியிருந்தார். வைரக்கண்ணு அந்த இரண்டு நாளும் நிம்மதியாக இருந்ததாகக் கேள்வி.

"நிறுத்தினாத்தான் அத்தை உள்ள போக முடியும்" என்றாள் அபிநயா. கையைப் பட்டனிலிருந்து எடுக்கவில்லை. அத்தையைப் பட்டனுக்குக் காவல் நிறுத்தினாள். தான் வெளியே வந்து சொல்லும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்றாள். வீரம்மாள் அத்தைக்கு ஒரு பதவி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றார்.

உள்ளே போனார்கள். மாமா குனிந்தார். அபிநயா அவருடைய தோளில் ஏறி உட்கார்ந்தாள். பொட்டு காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிருந்தது. பாவாடை நுனியைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. முகத்தை கேமராவுக்கு வெகு அருகில் கொண்டுபோய், நாக்கைத் துருத்திக்கொண்டு, அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"வச்ச பொட்டை அழிக்கிறியே" என்று வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

அழித்த குங்குமத்தை அபிநயா விரலால் எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்தாள். அத்தை வாசலிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடி பளிச்சென்று ஆனது. அங்கே உட்கார்ந்தபடியே அபிநயா, கேமரா பார்க்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த உயரத்திலிருந்து எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. வாசலில் நின்றால் ஜெனரேட்டரின் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். இங்கிருந்து அதன் பின்பக்கமும் தெரிந்தது. அங்கே பெரிய காற்றாடிக்குக் கீழே ஒரு பழைய சாக்கு. சாக்கின் மேல் சிவப்பாக ஒரு வால்.

"மாமா, அசையாதீங்க. பின்னாடி கோழி இருக்கு."

வீரம்மாள் அத்தையின் செவலைக் கோழிதான். அடை காத்துக்கொண்டு அரசி மாதிரி உட்கார்ந்திருந்தது. கம்பி இடுக்கு வழியாகத் தினமும் திருட்டுத்தனமாக வந்து முட்டையிட்டிருக்கிறது. சாக்கின் மடிப்புக்குள் கிடந்த முட்டைகள் பூஜைக்குக் கழுவியபோது யார் கண்ணிலும் படவில்லை. பூஜையில் சிந்திய பொரி சுற்றிலும் கிடந்ததால் இரை தேடி வெளியே போகவேண்டிய அவசியமும் அதற்கு ஏற்படவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணும் இல்லன்னு சொன்னேனே அபி. அக்கா அமுக்கியிருந்தா?" என்றார். காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கோழி போயிருக்கும், முட்டைகளும் போயிருக்கும்.

அடைக்கோழியைத் தூக்குவது லேசான வேலை இல்லை. மாமா கையை நீட்டினார், ஒரு கொத்து வாங்கினார், கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். அபிநயா கோழியைத் தொடவே இல்லை. சாக்கின் ஓரத்தை மடித்து அதன் தலைமேல் மெதுவாகப் போட்டு மூடினாள். இருட்டானதும் கோழி அடங்கியது. பிறகு சாக்கை நான்கு பக்கமும் சேர்த்துப் பிடித்து, முட்டைகள் உருளாமல், கோழியும் கூடுமாக அப்படியே நெஞ்சோடு அணைத்து வெளியே கொண்டுவந்தாள்.

பட்டனுக்குக் காவல் நின்ற வீரம்மாள் அத்தைக்குப் பேச்சே வரவில்லை. அந்த ஊர் அதுவரை பார்க்காத அதிசயம் அது. சாக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "வைரக்கண்ணுகிட்ட நான் என்னன்னு போயிப் பேசுவேன்" என்று மட்டும் கவலைப்பட்டார்.

அபிநயா கொட்டகைக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினாள். மாமாவையும் அத்தையையும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போகச் சொன்னாள். பிறகுதான் சிவப்புப் பட்டனைத் திருகினாள். அது வெளியே வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அவளும் கோட்டைத் தாண்டி ஓடிவந்து நின்றாள்.

எதுவும் நடக்கவில்லை. தூறல் மட்டும் முந்திரி இலைகளில் விழுந்துகொண்டிருந்தது.

கூலரை எட்டிப் பார்த்துவிட்டு வந்த மாமா, எண் ஏழு காட்டுவதாகச் சொன்னார். போன் பேச முடியவில்லையே, அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அபிநயாவுக்கும் அதுதான் கவலை. ஜெனரேட்டருக்கும் கேமராவுக்கும் தனியாக ஒரு சின்னப் பேட்டரியும் உயரமான ஆன்டெனாவும் இருக்கின்றன, அதற்குச் சிக்னல் கிடைக்கும் என்று அம்மா சொல்லியிருந்தார். அம்மா பார்ப்பார் என்று அவள் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

'பீப்... பீப்... பீப்...'

கொட்டகைக்குள் எச்சரிக்கை மணி அடித்தது. ஜெனரேட்டர் ஒரு முறை இருமியது, இன்னொரு முறை இருமியது. குழாய் வழியே ஒரு குண்டுப் புகையை ஊதித் தள்ளிவிட்டுத் 'தடதட'வென்று ஓட ஆரம்பித்தது. ஒரு நிமிடத்தில் கூலரும் 'ம்ம்ம்' என்று சேர்ந்துகொண்டது. பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் எதையும் தொடவில்லை. அரியலூரிலிருந்து அம்மாவின் விரல் இங்கே வந்து வேலை பார்த்தது. அபிநயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாமா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அரியலூர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாரா, ஜெனரேட்டரைக் கும்பிட்டாரா என்று தெரியவில்லை.

சாயங்காலம் டேங்கர் ஓட்டிக்கொண்டு செல்லப்பன் வந்தார். பாலைச் சோதித்துப் பார்த்தார். எண் நான்குக்கு இறங்கியிருந்தது. வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் குழாயை மாட்டினார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் அன்றைக்கு அபிநயா கேட்ட நல்ல செய்தி.

பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கினார். அபிநயா ஓடிப்போய் அவருடைய பையை வாங்கிக்கொண்டாள். முதல் கேள்வியே மைக்கைப் பற்றித்தான். நன்றாகப் பேசினாரா, பயந்தாரா?

"பேசவா விட்டீங்க? நான் மைக்கைப் புடிச்ச நேரம்தான் இங்க கூலர் நின்னுது" என்று அம்மா சிரித்தார்.

நடந்துகொண்டே சொன்னார். எல்லோருக்கும் தெரியட்டும் என்று அவருடைய போனைக் கூட்ட மண்டபத்தின் பெரிய திரையோடு இணைத்திருந்தார்களாம். அம்மா பட்டனைத் தொடாமல் கேமரா தெளியட்டும் என்று காத்திருந்தபோது மண்டபமே காத்திருந்ததாம். பஞ்சநாதன் சொல்லிவிட்டாரே, அமுக்கிவிடலாமே என்று சிலர் அவசரப்படுத்தினார்களாம். அப்போது திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கிறது. யாரோ நிறுத்தும் பட்டனை அமுக்கிவிட்டார்கள் என்று.

"அப்பவே எனக்கு நிம்மதி ஆயிடுச்சு. உள்ள போறதுக்கு முன்னாடி அதை அமுக்கணும்னு தெரிஞ்ச ஆளு அங்க இருக்குன்னு" என்றார் அம்மா.

"அப்புறம்?"

"அப்புறம் பொட்டு போச்சு. மொதல்ல என்ன தெரிஞ்சுது தெரியுமா? ஒன் மூக்கு. திரை முழுக்க ஒன் மூக்குதான். அப்புறம் நாக்கு."

அபிநயா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பல ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். நாக்கைத் துருத்திக்கொண்டு வேறு இருந்தாள்.

"அதுக்கப்புறம் கோழியோட ஒரு பொண்ணு நடந்து போவுது. மண்டபமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. யாரு அந்தப் பொண்ணுன்னு மைக்லயே கேட்டாங்க."

"என் பொண்ணுன்னு சொன்னியாம்மா?"

"இல்லியே" என்றார் அம்மா.

அபிநயாவின் முகம் வாடிவிட்டது. பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அம்மா நின்று, அவளுடைய மூக்கு நுனியில் இன்னும் ஒட்டியிருந்த சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். "எங்க நிலையத்து ஆப்பரேட்டர்னு சொன்னேன்" என்றார்.

மறுநாள் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு வந்தபோது, அபிநயா அவருக்கு மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை கதை கொஞ்சம் நீளம். நடுவில் கோழி வேறு வந்தது. அவருடைய பெட்டியில் ஐஸ் உருகத் தொடங்கியது, ஆனால் ஆப்பரேட்டர் பேசி முடிக்கும்வரை அவர் வண்டியை நகர்த்தவில்லை.